முந்நூறு மூலிகை

சந்தானகோபால் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர். தன் ஆட்டத்தில் மந்திர மருந்து காய்ச்ச முந்நூறு மூலிகை இருப்பதாக மார்தட்டுவார். ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலையில் இருந்த தமயந்தி, "முக்கால்வாசி வீண் சார்," என்றாள்.

"ஒண்ணை எடுத்தாலும் ஆட்டம் படுத்துடும். நிரூபிச்சுக் காட்டு, இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

திங்கட்கிழமை தமயந்தி ஒரு புதுப் பதிப்பை அவரிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி டிராகனையும் கொன்றுவிட்டு, அவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏதாவது இல்லாத மாதிரி தெரிஞ்சுதா சார்?"

"என் ஆட்டத்துல எது இல்லாம போகும்?"

"நீங்க அஞ்சு நாளும் காய்ச்சினது ஒரே சிவப்பு மருந்து," என்றாள் தமயந்தி, தலை நிமிர்ந்து. "அதுக்கு வேண்டிய நாலு மூலிகையைத் தவிர மிச்சத்தை எல்லாம் திங்கட்கிழமையே எடுத்துட்டேன்."