ஆலமரத்து ஒற்றை வரிசை

அந்தக் காட்டில் யார் எதை மாற்றிக்கொண்டாலும் ஆலமரத்தடிக்குத்தான் வர வேண்டும். காக்கைகள் எல்லாம் கூடிப் பார்த்து, "கண்டோம்!" என்று கத்தினால்தான் மாற்றம் செல்லும். முன்பு ஒரு நரி, ஒரே நண்டைக் காட்டி இரண்டு கொக்குகளிடம் மீன் வாங்கித் தின்றுவிட்டது. அன்று வந்த சட்டம் இது. காடு முழுக்க ஒரே வரிசை!

அன்று வரிசையின் கடைசியில் மின்னி அணில் தவித்துக்கொண்டு நின்றது. காற்றில், இலவமரத்தில் இருந்த அதன் கூடு பிய்ந்துவிட்டது. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அதே இலவமரத்தில் இருந்த மைனாவிடம் பஞ்சு இருந்தது. மின்னி அங்கே சேர்த்து வைத்த வேப்பம்பழம் இருந்தது. இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் காக்கைகள் பார்க்க வேண்டுமே!

முன்னால் குரங்குக் கூட்டம் மாம்பழத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. "என் பழம் சின்னது! முதலிலிருந்து மாத்து!"

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்களேன்! மழை வந்தா என் குட்டிங்க செத்துடும்!"

"வரிசைன்னா வரிசைதான்!" என்றது ஒரு குரங்கு.

மின்னிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று தலைமைக் காக்கையிடம் ஏறிப் போனது.

"இவங்க மாம்பழத்துக்கும் என் பஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தனித்தனியா விட்டா, நரி மாதிரி எவனாவது ஏமாத்துவான்!"

"எங்க மரத்துப் பொருளை எங்க மரத்துல மட்டும்தான் மாத்தணும்னு வைங்க. அங்கயே சில காக்கைங்க உட்காரட்டும். அப்புறம் அதே பொருளை வேற எங்க காட்டி ஏமாத்த முடியும்? ஒரு மரத்துப் பொருள் இன்னொரு மரத்துக்குப் போனா, அது மட்டும் இங்க வரட்டும்!"

காக்கை யோசித்தது. மூக்கின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தது.

"சரி, மரத்துக்குச் சில பேரா பிரிஞ்சு போங்கடா!" என்று மற்ற காக்கைகளிடம் கத்தியது.

"எங்களை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீங்க?" என்று, மாமரத்துக்குப் போகச் சொன்ன குரங்குகள் முறுக்கிக்கொண்டன.

"தள்ளி வைக்கலை. உங்க சண்டையை உங்க மாமரத்துல போய்ப் போடுங்க!" என்றது தலைமைக் காக்கை.

இலவமரத்தில் "கண்டோம்!" என்ற சத்தம் கேட்டதுமே மின்னி பஞ்சை அள்ளிக்கொண்டு ஓடியது. குட்டிகளைப் பொதிந்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அப்பாடா!

மாமரத்தில் குரங்குகள் நனைந்துகொண்டே சண்டை போட்டன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இப்போது யாரும் காத்திருக்கவில்லை.

ஒன்றையொன்று தொடாத வேலைகளை ஒரே வரிசையில் நிறுத்தினால், ஒருவர் சண்டைக்கு ஊரே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.