சாய்ந்த கிணறு

“என் கிணறு சாய்ஞ்சிருச்சு மேடம்,” என்றான் அதியன்.

ஆற்று நடுவே, பாலத்தின் நான்காம் தூணுக்கு அஸ்திவாரமாக இறங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் கிணறு. உள்ளே மணலை அள்ள அள்ள, தன் பாரத்திலேயே கீழே போகும்.

எப்சிபா அவனைவிட மூன்று வயது இளையவள். கிணறு இறக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் கற்றுக்கொள்ளத்தான் அதியன் ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்க்கிற மாடத்தி மூணு நாளாச் சொல்றா. எல்லார் முன்னாடியும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நீ எந்தக் காலேஜ்ல படிச்சேன்னு கேட்டேன்.”

“அவங்க?”

“படிச்சிருந்தா நானும் பார்க்காமத் தோண்டியிருப்பேன் சார்னு சொல்லிட்டா.”

எப்சிபா சிரித்தேவிட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாலு விரல் சாய்ந்தால் கிணற்றைக் கைவிட வேண்டியதுதான். ஆறு மாத உழைப்பு ஆற்றோடு.

“நிமிர்த்த வழி?”

“உசந்த பக்கத்துக்கு அடியில தோண்டணும். புத்தகத்துல இருக்கு.”

“தோண்டுங்க.”

“எப்ப நிறுத்தணும்னு அதுல இல்லையே! கொஞ்சம் மீறினா அந்தப் பக்கம் சாயும். நீங்கதான் சொல்லணும்.”

“எனக்குத் தெரியாது.”

“முப்பது கிணறு இறக்கினவங்க!”

“முப்பதுலயும் எனக்குத் தெரியலை. மட்டம் பார்த்த பேச்சிமுத்துவுக்குத் தெரிஞ்சுது. சுடலிக்குத் தெரிஞ்சுது. அப்புறம் மைதீன், இசக்கியம்மா...”

முப்பது பெயரையும் சொல்லி முடித்தாள். ஒன்றுக்கும் தடுமாறவில்லை.

அதியன் பரிசலேறிக் கிணற்றுக்குப் போனான்.

மாடத்தி விளிம்பில் குந்தியிருந்தாள், டியூபும் கையுமாக. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீங்க சொல்லுங்க. நாங்க தோண்டுறோம்.”

அவள் அவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு டியூபைப் பார்த்தாள்.

“அள்ளச் சொல்லுங்க சார்.”

அள்ளினார்கள். பொழுது உச்சிக்கு ஏறி இறங்கியது. கிணறு பெருமூச்சு விட்டாற்போல ஒருதரம் முனகியது. உயர்ந்திருந்த பக்கம் மெல்ல மெல்ல அமர்ந்தது.

அதியனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கைகூப்பினான்.

“நீங்க இல்லேன்னா, மாடத்தி...”

“கும்பிட்டது போதும் சார், நிறுத்தச் சொல்லுங்க! அந்தப் பக்கம் ஒரு நூலளவு அதிகமா இறங்குது.”

கூப்பிய கையைப் பிரித்து உயர்த்தி, “நிறுத்து!” என்று கத்தினான் அதியன்.