காசில் இருந்த மூக்கு

எங்கள் ராஜா தன் முகம் பொறித்துப் புதுக் காசு வெளியிட்டார். சந்தையே சிரித்தது. "மூக்கா இது, சுரைக்காயா?" என்றாள் மீன்காரி.

ராஜாவுக்குச் சேதி எட்டியபோது காசு மூட்டையோடு எதிரே நின்ற பாவி, நாணயச் சாலையில் துருத்தி ஊதும் நான்.

"அடேய் சடையா! என் முகத்தைப் பழித்தவர்களை இன்றே பிடித்து வா. ஆளுக்கு நூறு கசையடி!"

முதலில் சிரித்தவனே நான்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்: "மகாராஜா, அவர்கள் பழித்தது என்னை. தங்களுக்கு மாதிரியாக உட்கார நேரமில்லை என்று அச்சு வெட்டுகிறவர் என்னைப் பார்த்துத்தான் செதுக்கினார். இல்லை, தங்கள் முகமேதான் என்றால் சொல்லுங்கள், பிடித்து வருகிறேன்."

ராஜா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சபை அவர் மூக்கைப் பார்த்தது.

"சந்தேகமென்ன, உன் மூஞ்சியேதான்! போ!"

அன்றிலிருந்து ஊருக்கே நான் சுரைக்காய் மூக்கன். என் பெண்டாட்டி மட்டும் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட, உங்க மூக்குகூட இவ்வளவு மோசமில்லையே!"