சொல்லி அனுப்புகிறோம்

ஏரிக்கரைக் காட்டில் ஓர் இளம் அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, இருந்தது. உடம்பெல்லாம் செதில். கூச்சல் கேட்டால் பந்தாகச் சுருண்டுவிடும். ஆனால் மண்ணுக்குள் ஒரு முழம் ஆழத்தில் கறையான் இருந்தாலும் மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும்.

அதன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஏரிக்கரையைக் கறையான் அரிக்காமல் காக்கும் வேலை. மற்றொன்று, ஆற்றுக்கு அக்கரையில் உடும்பு நடத்தும் மண் கல்லூரி. மழை பிடிக்குமுன் ஆற்றைக் கடந்தால்தான் அங்கே இடம்.

அழுங்கு முதலில் வேலை கேட்டுப் போனது. பள்ளத்தின்மேல் சாய்ந்து கிடந்த மரத்தில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. நரி தலைவர். மயிலும் குரங்கும் உறுப்பினர்கள். நரியை எதிர்த்துப் பேசாது என்பதே குரங்கின் தகுதி. மயிலுக்கு அதுவும் தேவைப்படவில்லை; தோகையே போதுமானதாக இருந்தது. எந்தக் காட்டிலும் குழுக்கள் இப்படித்தான் அமைகின்றன.

உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். அழுங்கு தன் செதில்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியது. மயில் சிரித்தது. கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள். அழுங்கோ மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க உட்கார்ந்திருக்கிற மரத்துல கறையான் இருக்கு," என்றது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி," என்ற நரி, பிறகு கனிவாகச் சிரித்தது. "போயிட்டு வா. சொல்லி அனுப்புறோம்."

கூப்பிட்டால் கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியது அழுங்கு. அன்று முதல் வளை வாசலிலேயே காத்துக் கிடந்தது. ஒரு வாசலில் வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு வாசலில் போய் நிற்பது அதற்குப் பொய் சொல்வதைப் போலிருந்தது.

கல்லூரிக்குக் கிளம்பிய பக்கத்து வளை முயல் அதையும் அழைத்தது.

"சொல்லி அனுப்புறோம்னா வேண்டாம்னு அர்த்தம்டா. கிளம்பு."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களே?"

முயல் தலையில் அடித்துக்கொண்டு போனது. மழை பிடித்தது. ஆறு பெருகியது. அந்த ஆண்டுக்கான இடம் போயிற்று.

அழுங்கு நனைந்தபடி குழுவிடம் போய்க் கேட்டது. வேலையை மயிலின் அக்கா மகனுக்குக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறதாம். மற்ற எல்லாருக்கும் புரிந்தது உனக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்று மயில் கேட்டது. அழுங்கு திரும்பி நடந்தது. சுருண்டுகொள்ளக்கூட அதற்குத் தெம்பில்லை.

நான்காம் நாள் குழுவின் மரம் முறிந்தது. மயில் பறந்துவிட்டது. குரங்கு தாவிவிட்டது. நரி மட்டும் சேற்றில் விழுந்தது. நொண்டிக்கொண்டே அழுங்கின் வளைக்கு வந்தது. ஏரிக்கரையிலும் கறையான் ஏறிவிட்டதாம்; அக்கா மகனுக்குத் தோகை விரிக்க மட்டுமே தெரிகிறதாம். பத்து நாள் வந்து சும்மா பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

"வேலை உண்டா, இல்லையா?" என்று கேட்டது அழுங்கு.

"அதெல்லாம் பார்க்கலாம் தம்பி."

'பார்க்கலாம்' என்ற சொல்லை அழுங்கு சற்று நேரம் மோந்து பார்த்தது.

"வரமாட்டேன்," என்றது. "வேண்டாம்கிறதை இப்படித்தான் சொல்லணும்."

பிறகு ஆற்றங்கரைக்குப் போய், வெள்ளம் எப்போது வடியும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவர், தம் சொல்லை நம்பியவரின் ஓர் ஆண்டைத் திருடுகிறார்.