பண்ணையாருக்குப் புது வசவு

ஆண்டு விழா நாடகத்தில் பண்ணையார் கூலியாளைத் திட்டும் வசவுகளையெல்லாம் பள்ளித் தாளாளர் தணிகாசலம் அடித்து நீக்கிவிட்டார்.

“நம்ம பள்ளிக்கூடத்துல புழங்குற வார்த்தைதான் மேடையில வரணும். ஆனா பண்ணையாரைப் பார்த்து சனம் கொதிக்கணும்.”

பண்ணையார் வேடம் பதினோராம் வகுப்புக் குயிலிக்கு. “சரிங்கய்யா” என்றாள்.

ஒத்திகையில் ஒட்டுமீசையை முறுக்கிக்கொண்டு வந்தாள். “ஏண்டா தண்டச்சோறு, எருமைக்குப் பொறந்தவனே, உனக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்?”

ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். வாசலிலிருந்த வாட்ச்மேன் மட்டும் பழக்கதோஷத்தில், “இதோ வந்துட்டேங்கய்யா” என்று ஓடிவந்து தாளாளர் முன்னால் கைகட்டி நின்றார்.

“இந்த வார்த்தையெல்லாம் எங்கேம்மா பிடிச்ச?” என்றார் தாளாளர்.

“தினம் காலையில வாசல் கேட்டுல கேக்குறதுதாங்கய்யா.”

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். “பழைய வசவே இருக்கட்டும்மா. அது கொஞ்சம் மரியாதையா இருக்கு.”