பாய்ச்சலுக்கு ஆள் இல்லை

முன்னொரு காலத்திலே செம்பறை நாட்டைக் கனகராயர் என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன ஆணை போடுவார் என்று அவருக்கே தெரியாது. அவருக்கு ஒரே பிள்ளை, முத்துவண்ணன். கோட்டைக்கு வெளியே ஓடும் வாய்க்காலைக் குதிரையோடு பாய்ந்து தாண்டுகிறேன் என்று போனான். குதிரை இடறிவிட்டது. பிள்ளையைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

அன்றைக்கே ராசா ஆணை போட்டார். 'பாய்ச்சல்', 'பாய்ந்தான்' என்ற சொல் எதுவும் இனி எவன் வாயிலும் வரக்கூடாது, வந்தால் நாக்கு இருக்காது என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவரை என்ன சொல்ல முடியும்? அல்லாடியது ஜனங்கள்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன், "தண்ணி விட்டுட்டு வர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். சந்தையில் ஒரு காளை மிரண்டபோது, "பாயுது, விலகு" என்று கத்த ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. பாவம், வளையல்காரர் ஒருவர் குத்துப்பட்டார்.

பிள்ளையின் நினைவாக ராசா ஒரு மண்டபம் கட்டச் சொன்னார். மருதையன் என்ற பெரிய கொத்தனார் கட்டினார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பெரிய கல்வளைவு. கடைசிக் கல்லும் வைத்தாயிற்று. கீழே முட்டுக்கொடுத்த சாரத்தைப் பிரிப்பதுதான் பாக்கி. மருதையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "எல்லாம் முடிஞ்சுது, பாய்ச்சலுக்குத்தான் ஆள் இல்ல" என்று தன்பாட்டுக்குச் சொன்னார்.

அது வாகீசப் பண்டிதர் காதில் விழுந்தது. அவர் வெளிதேசத்திலிருந்து வந்த அரண்மனைப் புலவர். மண்டபப் பொறுப்பை ராசா தனக்குத் தராமல் அமைச்சர் ஆதிமூலத்துக்குத் தந்துவிட்டார் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவர். விடுவாரா? கொத்தனாரைக் கட்டி இழுத்துக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார்.

"மகாராஜா, தாங்கள் விலக்கிய சொல்லை இவன் சொன்னான். அதுவும் இளவரசரைக் கேலி செய்து சொன்னான்."

ராசாவின் முகம் கறுத்தது. "நாக்கை அறுங்கள்" என்றார்.

ஆதிமூலம் எழுந்தார். "அறுக்கலாம் மகாராஜா. ஆனால் சாட்சி, கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். அதுதானே நம் சபை வழக்கம்? பண்டிதரே, இவர் சொன்ன சொல் என்ன?"

"அதுதான், விலக்கப்பட்ட சொல்."

"விலக்கப்பட்ட சொல் என்றா இவர் சொன்னார்?"

பண்டிதர் மாட்டிக்கொண்டார். சொன்னால் நாக்கு போகும், சொல்லாவிட்டால் பொய்ச்சாட்சி. ராசாவைப் பார்த்தார். "சொல்லும்" என்றார் ராசா. வேறு வழியில்லாமல், "பாய்ச்சலுக்கு ஆள் இல்லை என்றான்" என்று மென்று விழுங்கினார்.

"இப்போது இரண்டு நாக்கு ஆயிற்று மகாராஜா" என்றார் ஆதிமூலம்.

சபையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "விளையாட வேண்டாம் ஆதிமூலம்" என்றார் ராசா. "எதற்காக அப்படிச் சொன்னான்? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

பண்டிதர் முந்திக்கொண்டார். "கல்வளைவுக்கே இந்தக் கொத்தர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் மகாராஜா. உங்கள் பிள்ளையால் தாண்ட முடியவில்லை, எங்கள் கல் தாண்டிவிட்டது என்கிற கொழுப்பு. இளவரசர் போன பிறகு வைத்த பெயர்."

"அந்தப் பெயர் எதனால் வந்தது என்று காட்டுகிறேன், யானைக்கொட்டடி வரைக்கும் வாருங்கள்" என்றார் ஆதிமூலம்.

போனார்கள். கொட்டடி வாசலிலும் ஒரு கல்வளைவு. அதன் அடியில் கிடந்த வைக்கோலை ஆதிமூலம் தன் கையாலேயே ஒதுக்கினார். இறுகிப்போன சுண்ணாம்பில் இரண்டு சின்னக் காலடிகள் இருந்தன.

"நீயே சொல்லப்பா" என்றார் மருதையனிடம்.

"சாமி, சாரம் பிரிக்கிறதுக்கு முன்னால கட்டச் சொன்னவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு வளைவுக்குக் கீழ கயிறைத் தாண்டிப் பாயணும். இறங்குற இடத்துல ஈரச் சுண்ணாம்பு போட்டு வைப்போம். பிள்ளை பாய்ஞ்சாத்தான் கல்லு நிக்கும்னு எங்க முப்பாட்டன் காலத்து வழக்கம். அதனாலதான் வளைவுக்கே அந்தப் பேரு. இதைக் கட்டினப்ப நீங்க சண்டைக்குப் போயிருந்தீங்க. மகாராணிதான் இளவரசரைக் கூட்டியாந்தாங்க. அஞ்சு வயசு இருக்கும்." மருதையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப உங்க வீட்ல பிள்ளை இல்லியே சாமி. அதைத்தான் சொன்னேன்."

ராசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலடிக்குள் விரலை வைத்துப் பார்த்தார். "எப்படிப் பாய்ந்தான்?" என்று கேட்டார். தான் விலக்கிய சொல் தன் வாயிலேயே வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"முதல் தடவை கயிறு தட்டி விழுந்துட்டாரு. மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு. சிரிச்சுக்கிட்டே மறுபடி பாய்ஞ்சாரு."

ராசா அந்தக் காலடிகளில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பொறுக்கினார். பிறகு எழுந்தார். மருதையன் கட்டை அவிழ்க்கச் சொல்லி, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை அவருக்குப் போர்த்தினார். "ஆதிமூலம், நீர் இல்லாவிட்டால் இதைப் பார்க்காமலே செத்திருப்பேன்" என்று சொல்லித் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அப்புறம் பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"உம்முடைய நாக்கு உம்மிடமே இருக்கட்டும். ஊர் ஊராகப் போய், பாய்ச்சல் என்று சொல்லலாம், ராசாவின் தடை நீங்கிவிட்டது என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டு வாரும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, மண்டபத்துக்கு வாரும்."

மண்டபத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பண்டிதர் பிடித்தார், மறுமுனையை அமைச்சர் பிடித்தார். ராசா வேட்டியை மடித்துக் கட்டினார். நரைத்த மனுஷன், முழங்கால் வலிக்காரர். ஓடி வந்து பாய்ந்தார். கால் மடங்கி, ஈரச் சுண்ணாம்பில் கையை ஊன்றி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. மருதையன் தூக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டார்.

சாரத்தைப் பிரித்தார்கள். வளைவு நின்றது. அதன் அடியில் பெரிய காலடி இரண்டும் ஒரு கைத்தடமும் இருக்கும் என்று சொல்கிறார்கள். ஆனால் அத்தனை செலவு செய்து கட்டிய அந்த மண்டபத்துக்கு ராசா அப்புறம் போகவே இல்லை. சாயங்காலம் ஆனால் யானைக்கொட்டடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.