அரண்மனைக்குள் வந்த சுண்ணாம்புச் சட்டி

முன்னொரு காலத்தில், அதாவது மிளகாய் நம் அடுப்படிக்குள் வந்து இரண்டு தலைமுறை கழிந்திருந்த காலத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு தேசத்தைக் குலபூஷணன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது குத்தலாக ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. சொன்னவர் பக்கத்து தேசத்துக்காரராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் மலைக்கு அப்பாலுள்ள தேசத்திலிருந்து ஒரு தூதர் வந்தார். சபையைச் சுற்றிப் பார்த்தார்.

"திரைச்சீலை சீனத்துப் பட்டு. நிலைக்கண்ணாடி மேற்குச் சீமையிலிருந்து வந்தது. வாசலில் நிற்கும் குதிரைகள் அரபு தேசத்தவை. எல்லாம் அழகாக இருக்கின்றன, மகாராஜா. இவற்றில் தங்களுடையது எது?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது.

"கடல் கடந்து வந்தது எதுவும் இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் சபை கலைவதற்குள் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு கப்பலேற்ற வேண்டும். தூதரும் தங்கியிருந்து பார்க்கட்டும்."

பிரதானி விடங்கர் மெல்ல எழுந்தார். சபையின் விகடரான ஆவுடைநம்பிக்குப் பந்தியில் ராஜாவுக்குப் பக்கத்து இலை கிடைத்ததிலிருந்து விடங்கருக்கு வயிற்றெரிச்சல். அது விடங்கரின் அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட இடம்.

"மகாராஜா, இந்தக் காரியத்துக்குக் கூர்மையான கண் வேண்டும். அது ஆவுடைநம்பிக்குத்தான் உண்டு. ஒரே ஒரு பொருள் அவர் கண்ணில் தப்பினாலும், அவரும் அதே கப்பலில் ஏறிவிட வேண்டியது" என்றார்.

கோபத்தில் இருந்த ராஜா தலையை ஆட்டிவிட்டார். நம்பி கைகட்டி நின்றார்.

"உத்தரவுப்படியே, பிரபு. சுங்கச்சாவடியில் பொதிகளுக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வருகிறேன். வட்டம் விழுந்தது எதுவானாலும், யாருடையதானாலும், தடுக்கக் கூடாது. அதை மட்டும் ஓலையில் எழுதித் தர வேண்டும்."

ராஜா எழுதிக் கொடுத்து முத்திரையும் வைத்தார்.

வீட்டுக்கு வந்து நம்பி நடந்ததைச் சொன்னதும், அவர் மனைவி உலகம்மை இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் வாயை வச்சுப் பொழைக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் அதை வச்சுக் கெட்டுப்போறீங்க. கப்பல்னா எனக்குக் குமட்டும், இப்பவே சொல்லிட்டேன்."

நம்பிக்கும் உள்ளூரப் பயம்தான். முந்நூறு அறை அரண்மனையில், ஏதோ ஒரு மூலைச் சாடியில் ஒரு கிராம்பு தங்கிவிட்டால் போதும், பிறந்த ஊரை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் நாள் குதிரைகளின் விலாவில் வட்டம் விழுந்தது. நிலைக்கண்ணாடியில் விழுந்தது. சீனத்துக் கிண்ணங்களில், பட்டு மெத்தையில், அந்தப்புரத்துப் பவழ மாலைகளில் விழுந்தது. ராஜா அன்று மாட்டுவண்டியில் உலா போனார். வெறும் கோரைப்பாயில் படுத்தார். தூதர் பார்க்கிறார் என்பதால் முதுகைப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இரண்டாம் நாள் நம்பி மடைப்பள்ளிக்குள் நுழைந்து மிளகாய்க் கூடையின் மேல் வட்டம் போட்டார். தலைமைச் சமையற்காரர் சங்கரமூர்த்தி ஓடிவந்து கூடையை மறித்தார்.

"அதுல எதுக்குய்யா போடுறீரு? அது நம்ம தோட்டத்துல காய்ச்சது."

"தோட்டத்துக்கு எங்கிருந்து வந்துது?"

சங்கரமூர்த்தி தலையைச் சொறிந்தார். "எங்க தாத்தா சின்னப் பையனா இருக்கையில கப்பல்ல வந்துதும்பாரு. மிளகு மாதிரி உறைக்குதுன்னு அந்தப் பேரை வச்சாங்களாம். அதுக்கு முந்தி மிளகு மட்டுந்தானாம்."

"அப்ப உம்ம தாத்தாவே சாட்சி" என்று நம்பி அடுத்த சாடிக்குப் போனார். பெருங்காயம் பாரசீகத்திலிருந்து வந்தது, வெளியே. கிராம்பும் ஜாதிக்காயும் கீழைத் தீவுகளிலிருந்து வந்தவை, வெளியே. மேற்குச் சீமைக் கப்பலில் வந்த முந்திரிப்பருப்பும் போயிற்று. அரண்மனைக் கோயிலில், கடல் கடந்து வந்த கற்பூரத்துக்கும் வட்டம் விழுந்ததால், அன்றைக்குச் சுவாமிக்கு நெய்விளக்கைத்தான் காட்டினார்கள்.

மத்தியானம் இலையில் விழுந்த ரசத்தை ராஜா ஒரு வாய் குடித்துவிட்டுச் சங்கரமூர்த்தியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"நம்ம ரசந்தாங்க மகாராஜா. நம்மளுது மட்டும் போட்டு வச்சது."

ராஜா ரசத்தை ஒதுக்கிவிட்டு மோருக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் சபை கூடியது. திரைச்சீலை இல்லாத மண்டபத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. கடற்கரையில் சாமான்கள் மலைபோல் கிடந்தன. விடங்கர் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "முடிந்ததா, நம்பி?" என்று கேட்டார். முடிந்தது என்று நம்பியின் வாயால் ஒரு சொல் வந்துவிட்டால், விடுபட்ட பொருள் ஒன்றைத் தேடிப் பிடிக்க விடங்கரின் ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"சபை இன்னும் தொடங்கவில்லையே. வழக்கப்படி மெய்க்கீர்த்தி பாடட்டும்" என்றார் நம்பி.

ராஜாவின் பரம்பரையைப் புகழ்ந்து பாடிவிட்டுத்தான் அங்கே சபை நடக்கும். பாணர் எழுந்து தினமும் பாடுவதைப் பாடினார்.

"ஏழ்கலம் செலுத்தி இருங்கடல் கடந்து
சூழ்திரைத் துறையில் தாள்பதித்து இறங்கி
மண்மகள் கொண்ட மன்னவன் வழியே…"

"கொஞ்சம் பொறும். முதல் அடியை இன்னொரு முறை பாடும்" என்றார் நம்பி. பாணர் பாடினார். நம்பி சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சிம்மாசனப் படியில் கால் வைத்தார்.

விடங்கர் துள்ளி எழுந்தார். "இது ராஜத் துரோகம். இவரைப் பிடியுங்கள்."

"பிடிக்கலாம், பிரதானியாரே. அதற்கு முன் ஒரு வார்த்தை. பாட்டு மெய்யென்றால் மகாராஜாவின் குலமும் ஏழு கப்பலில் கடல் கடந்து வந்தது. வட்டம் போடாமல் விட்டால் அடியேன் கப்பலேற வேண்டும். வட்டம் போட்டால் மகாராஜா ஏற வேண்டும். பாட்டு பொய் என்று தாங்கள் சொல்லிவிட்டால் வம்பே இல்லை. சொல்லுங்கள், பாட்டு பொய்யா?"

விடங்கர் விழித்தார். அந்தப் பாட்டின் நாலாவது அடியில், அதே கப்பலில் குடைபிடித்து வந்தவராக அவருடைய முன்னோர் வருகிறார். அந்த ஓரடிக்காகத்தான் திருவிழாவில் அவருக்கு முதல் தாம்பூலம். பொய் என்றால் தாம்பூலம் போயிற்று, மெய் என்றால் அவருக்கும் வட்டம். அவர் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ராஜாவின் குரல் கனமாக வந்தது. "எல்லாவற்றுக்கும் வட்டம் போடுகிறாயே நம்பி, நீ எந்த ஊர்?"

"அதுதான் பிரபு தெரியவில்லை. அப்பா வழியில் மலையிலிருந்து இறங்கினோம் என்பார்கள். அம்மா வழியில் வளையல் விற்றுக்கொண்டு ஏதோ தீவிலிருந்து வந்தோம் என்பார்கள். எங்களுக்கெல்லாம் யாரும் பாட்டுக் கட்டி வைக்கவில்லை. அதனால் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் முதலிலேயே போட்டுவிட்டேன்."

அவர் மேல்துண்டை விலக்கினார். மார்பில் மூன்று நாளாகக் காய்ந்து வெடித்த சுண்ணாம்பு வட்டம் ஒன்று இருந்தது.

ராஜா அதைப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. மூன்று நாள் கழித்துச் சிரித்த சிரிப்பு, நிற்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குள் விரலை விட்டுத் தம் மார்பில் தாமே ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். அடுத்ததாக விடங்கரைக் கூப்பிட்டார். அவர் வந்து மார்பைக் காட்டினார், வேறு வழியில்லாமல்.

"தூதரே, தங்கள் தலைப்பாகை நேர்த்தியாக இருக்கிறது. எங்கே நெய்தது?" என்றார் ராஜா.

"தங்கள் ஊர் நெசவாளர் தெருவில்தான், மகாராஜா" என்றார் தூதர். அவர் யோக்கியமான மனிதர், இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்து, "இதில் இருக்கும் மிளகும் தங்கள் சந்தையில் வாங்கியது. எங்கள் அரண்மனையில் இது இல்லாமல் அடுப்பு மூட்டுவதில்லை" என்று சேர்த்துக்கொண்டார். தலைப்பாகையைக் கழற்றி அவரே சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

சபை முழுக்கச் சிரித்தது. கடற்கரைச் சாமான்களை எல்லாம் விடங்கர் முன்நின்று திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நம்பிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று ராஜா சுற்றிலும் கையால் துழாவினார். சீனத்துக் கிண்ணம் இல்லை, பட்டு இல்லை, குதிரை இல்லை. எல்லாம் மணலில் கிடந்தன. வட்டம் விழாமல் அவர் உடம்பில் மிஞ்சியிருந்த நகை ஒன்றே ஒன்று: அந்தத் தேசத்துக் கடலிலேயே மூழ்கி எடுத்த முத்துகளைக் கோத்த ஒற்றைவட மாலை. அதைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டார்.

"இதாவது என்னுடையதுதானே, நம்பி?" என்று கேட்டார்.

"இப்போது என்னுடையது, பிரபு" என்றார் நம்பி.

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.